மரதனும் வேண்டும், வேகமும் வேண்டும்: ஒரு மாணவனுக்கு நான் தரவேண்டியிருந்த பதில்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஓட்டத்தில் ஈடுபாடு இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பும் பெற்றோரும், பாடசாலைகளில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்களும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

போன கிழமை பழைய மாணவன் ஒருவன் இன்பொக்ஸில் வந்தான்.

"சேர், இந்த வருஷம் மாகாண விளையாட்டு விழாவில 5,000 மீற்றர் ஓடப் போறன். பதினாறரை நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். ஒக்டோபர்ல கொழும்பு மரதனும் ஓடணும், மூணு மணித்தியாலத்துக்குள்ள. ரெண்டுக்கும் ஒண்டாப் பயிற்சி செய்ய ஏலுமா?"

சாதாரணமான கேள்வி. இப்போது நம் ஊர்களில் காலையில் ஓடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். கையில் கடிகாரம், கைப்பேசியில் செயலி, வாரக் கடைசியில் கிலோமீற்றர் கணக்கு. இந்தக் கேள்வியை மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். வழமையாக நாலு வரியில் பதில் போட்டுவிடுவேன். இவனுக்கு அப்படிப் போட முடியவில்லை. ஏனென்றால் இதே கேள்விக்கு ஏழெட்டு வருடங்களுக்கு முன் நான் அவனுக்குத் தவறான பதில் சொன்னவன். வாயால் சொல்லவில்லை, பயிற்சியால் சொன்னேன். அதன் விலையைக் கொடுத்தது அவன்.

அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை.

அப்போது அவனுக்கு 17 வயது. 1,500 மீற்றர் ஓடுவான். வலய மட்டத்தில் 4 நிமிடம் 22 செக்கனில் முதலாமிடம். ஸ்பைக் சப்பாத்து இல்லை, செயற்கைத் தளம் இல்லை, மணல் மைதானம். வாப்பா கடற்றொழில். பையன் சுபஹுக்குப் பிறகு கரைவலை இழுக்கிற இடத்தில் ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் பாடசாலைக்கு வருவான். கடைசி 300 மீற்றரில் அவன் கால் மாறுகிற மாதிரியைப் பார்க்கவே மைதானத்தின் அந்தப் பக்கம் போய் நிற்பேன்.

நான் விஞ்ஞான ஆசிரியர். உடற்கல்வி ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனதால் விளையாட்டு என் தலையில் விழுந்தது. அதே வருடம்தான் எனக்கும் மரதன் பைத்தியம் பிடித்தது. ஞாயிறு காலைகளில் நிந்தவூரிலிருந்து ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று பிரதான வீதியால் ஓடுவேன். தனியாக ஓடச் சலிப்பு. ஒருநாள் அவனிடம், "மகன், ஞாயிற்றுக்கிழமை என்னோட வாறியா? ஸ்டெமினா கூடும்" என்றேன். வந்தான். நான் சொன்னால் வராமல் இருப்பானா?

பத்து வாரம் அப்படி ஓடினோம். 16 கிலோமீற்றரில் தொடங்கி 24 வரை போனோம். செவ்வாய்க்கிழமைகளில் அவனுடைய 400 மீற்றர் சுற்றுகள் வழமைபோல. முன்பு எட்டுச் சுற்றை 68 செக்கனில் அலுங்காமல் ஓடுவான். நாலாவது வாரம் 70 ஆனது. ஏழாவது வாரம் 72. நான் கச்சான் காற்றைக் குற்றம் சொன்னேன். "வெயில்டா, போட்டியன்று சரியாகும்" என்றேன். கையில் நிறுத்தற்கடிகாரம் இருந்தது. அது சொன்னதை நான் கேட்கவில்லை.

மாகாணப் போட்டியில் 1,200 மீற்றர் வரை முன்னால் நின்றவர்களோடேயே இருந்தான். கடைசி 300இல் நாலு பேர் தாண்டிப் போனார்கள். 4 நிமிடம் 27 செக்கன், ஐந்தாமிடம். வந்து புல்லில் இருந்துகொண்டு சொன்னான்: "சேர், களைப்பே இல்ல. இன்னும் ரெண்டு சுற்று ஓடச் சொன்னாலும் ஓடுவன். ஆனா விரைய ஏலாமப் போச்சு. கால் வருதில்ல."

இதைவிடத் துல்லியமான ஒரு வாக்கியத்தை நான் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் வாசித்ததில்லை. ஓட முடியும், விரைய முடியாது. நான் பத்து வாரமாக அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்.

அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. ஓட்டத்தை விட்டுவிட்டான். தேசிய மட்டத்துக்குப் போய் வந்திருந்தால் விட்டிருப்பானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எனக்கு என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒக்டோபரில் கொழும்பில் 33ஆவது கிலோமீற்றரில் இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டன. 4 மணி 11 நிமிடத்தில் நொண்டி நொண்டி முடித்தேன். நான்கு மணிக்குள் முடிப்பதுதான் இலக்கு. ஏனென்றால் நானும் ஒரு பக்கம் 5 கிலோமீற்றரை 21 நிமிடத்துக்குள் கொண்டுவரவேண்டும் என்று செவ்வாயும் வியாழனும் விரைந்துகொண்டிருந்தேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இரண்டு பேரும் இரண்டையும் கோட்டைவிட்டோம்.

*

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், இரண்டும் எதிரிகள் இல்லை என்பதைச் சொல்லவேண்டும். பலர் 1,500, 5,000 என்றால் "வேக ஓட்டம்", மரதன் என்றால் "தாங்குதிறன்" என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. 1,500 மீற்றரில்கூடத் தேவையான சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஒட்சிசனைக் கொண்டுதான் உண்டாகிறது. 5,000இல் அது இன்னும் கூட. ஆகவே மூச்சு முட்டாமல், பேசிக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில் ஓடும் கிலோமீற்றர்கள் இரண்டு பேருக்கும் அத்திவாரம். இதயமும் நுரையீரலும் இரத்தக் குழாய்களும் இந்த ஓட்டத்தில்தான் வளர்கின்றன. அத்திவாரம் ஒன்று. அதற்கு மேல் கட்டுகிற வீடுதான் வேறு.

மரதனின் பிரச்சினை எரிபொருள். ஓடும்போது ஒரு கிலோமீற்றருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 42 கிலோமீற்றருக்கு 2,500 அளவில். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கக்கூடியது 2,000 அளவில்தான். கணக்கு உதைக்கிறது, இல்லையா? அதனால்தான் 30 கிலோமீற்றரைத் தாண்டியதும் பலர் சுவரில் மோதிய மாதிரி நின்றுபோகிறார்கள். நீண்ட மெதுவான ஓட்டங்கள் உடம்புக்குக் கொழுப்பை எரிக்கவும் கிளைக்கோஜனைச் சிக்கனமாகச் செலவழிக்கவும் பழக்குகின்றன. கால்கள் இரண்டு மூன்று மணித்தியாலம் அடி வாங்கவும் பழகுகின்றன.

5,000 மீற்றரில் எரிபொருள் தீராது. அங்கே பிரச்சினை வேறு. உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவுக்குக் கிட்ட நின்று கால் மணித்தியாலத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க வேண்டும். கடைசிச் சுற்றில் அதற்கும் மேலே போகவேண்டும். அதற்கு விரைவாகச் சுருங்கும் தசைநார்கள் விழித்திருக்க வேண்டும், நரம்பு அவற்றை நேரத்துக்கு எழுப்ப வேண்டும், குதிநாண் வில்லைப் போல விறைப்பாக இருக்க வேண்டும். களைத்த காலோடு மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தால் இவை ஒவ்வொன்றாகத் தூங்கிப் போகும். என் மாணவனுக்கு நடந்தது அதுதான். நெஞ்சு வளர்ந்தது, கால் தூங்கியது.

அடுத்தது ஓய்வு. ஒரு கடினமான சுற்றுப் பயிற்சிக்குப் பிறகு உடம்பு தேறுவதற்கு இரண்டு நாள் வேண்டும். 28, 30 கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் பிறகு இன்னும் கூட வேண்டும். ஒரு கிழமையில் ஏழு நாள்தான். பாடசாலை, வீடு, ஜனாஸா, கலியாணம், பரீட்சைத் தாள் திருத்தம் எல்லாம் அதே ஏழு நாளுக்குள்தான். ஆகவே சாதாரண மனிதனுக்கு ஒரு கிழமையில் உருப்படியாகச் செய்யக்கூடிய கடினப் பயிற்சி இரண்டு. ஆகக் கூடியது மூன்று. அந்த இரண்டை எதற்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் முழுக் கேள்வியும்.

இரண்டுக்கும் பாதி பாதி கொடுக்கிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். ஞாயிறு நீண்ட ஓட்டத்தில் "5,000க்கும் உதவட்டும்" என்று கொஞ்சம் விரைவாக ஓடுவார்கள். அதனால் செவ்வாய்ச் சுற்றுகள் மெதுவாகிவிடும். மெதுவான நாள்கள் மெதுவாக இல்லை, விரைவான நாள்கள் விரைவாக இல்லை. எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகம், எல்லா நாளும் அரைக் களைப்பு. அதோடு முழங்காலிலோ குதிநாணிலோ ஒரு வலி வரும். தைலம் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். பிறகு ஓடவே மாட்டார்கள்.

*

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் வரும் என்று தெரியும். "சேர், அப்போ சிபான் ஹசன்?"

நல்ல கேள்வி. 2024 ஓகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. பரிஸ் ஒலிம்பிக் பெண்கள் மரதன் நமக்குக் காலை 11.30க்குத் தொடங்கியது. நானும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தோம். லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தாலும் அவர் முன்னணிக் கூட்டத்தோடேயேதான் ஓடிக்கொண்டிருந்தார். அதற்கு ஆறு நாள் முன்பு 5,000இல் வெண்கலம். ஒன்றரை நாள் முன்பு 10,000இல் வெண்கலம். கடைசியில் எத்தியோப்பியாவின் திகிஸ்ட் அசெபாவும் அவரும் மட்டும். முடிவுக்கோடு தெரிகிற தூரத்தில் சிபான் ஹசன் விரைந்தார் பாருங்கள், 42 கிலோமீற்றர் ஓடிய கால் மாதிரித் தெரியவில்லை. 2 மணி 22 நிமிடம் 55 செக்கன், ஒலிம்பிக் சாதனை. இரண்டாமிடத்தோடு வித்தியாசம் மூன்று செக்கன். நிறைவு விழாவில் ஹிஜாப் அணிந்து பதக்கம் வாங்கியபோது மகள் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்துத்தான் எல்லோரும் "இரண்டும் ஒரே நேரத்தில் முடியும்" என்கிறார்கள். நான் அவரைப் பார்த்து வேறு இரண்டு விஷயம் படித்தேன்.

ஒன்று, அந்தக் கடைசி விரைவு எங்கிருந்து வந்தது? 2019இல் ஒரு மைலை 4 நிமிடம் 12.33 செக்கனில் ஓடி உலக சாதனை வைத்தவர் அவர். 1,500 மீற்றரில் உலக சம்பியன். டோக்கியோ ஒலிம்பிக்கில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம், 1,500இல் வெண்கலம். இவ்வளவும் முடித்துவிட்டுத்தான் 2023 ஏப்ரலில், தன் 30ஆவது வயதில், லண்டனில் முதல் மரதன் ஓடினார். அதாவது வேகம் முதலில், தூரம் பிறகு. பல வருடமாகச் சேர்த்து வைத்த வேகம் 42ஆவது கிலோமீற்றரில் மூன்று செக்கனாகத் திரும்பி வந்தது.

இரண்டு, அவரும் விலை கொடுத்தார். மரதனுக்கு முன்பு டோக்கியோவில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம். மரதனையும் சேர்த்துக்கொண்ட பரிஸில் அதே இரண்டிலும் வெண்கலம். ஒலிம்பிக் வெண்கலத்தைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் உலகத்தில் இதற்கென்றே பிறந்தவர் போன்ற ஒரு பெண்ணுக்கே, முழுநேரமும் அதுவே தொழிலாக உள்ளவருக்கே, ஒன்றைக் கூட்டினால் மற்றது கொஞ்சம் குறைகிறது. எட்டு மணிக்கு ஒப்பமிட்டு இரண்டு மணிவரை வகுப்பில் நிற்கும் எனக்கும், அலுவலகத்தில் இருக்கும் என் மாணவனுக்கும் குறையாதா?

மோ பராவைப் பாருங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம். 2013இல் 1,500 மீற்றரை 3 நிமிடம் 28.81 செக்கனில் ஓடினார். அடுத்த வருடம் லண்டன் மரதன். எட்டாமிடம், 2 மணி 8 நிமிடம் 21 செக்கன். அவர் என்ன செய்தார்? இரண்டையும் இழுத்துக்கொண்டு திரியவில்லை. மரதனை மூடி வைத்துவிட்டு மைதானத்துக்குத் திரும்பினார். 2015 உலகப் போட்டியிலும் 2016 ரியோவிலும் மறுபடி இரட்டைத் தங்கம். அதெல்லாம் முடிந்த பிறகு முழுமூச்சாக மரதனுக்கு வந்து 2018இல் சிக்காகோவில் 2 மணி 5 நிமிடம் 11 செக்கனில் வென்றார். மனிதர் அதே மனிதர். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய காலத்தைக் கொடுத்தார்.

கிப்சோகேயை எல்லோருக்கும் மரதன்காரராகத்தான் தெரியும். 2003இல் 18 வயதில் பரிஸில் ஹிஷாம் எல் குரூஜையும் கெனெனிசா பெக்கலேயையும் தாண்டி 5,000 மீற்றரில் உலக சம்பியன் ஆனவர் அவர். முதல் மரதன் ஓடியது 2013இல் ஹம்பேர்க்கில். நடுவில் பத்து வருடம். அதற்கு முதல் வருடம் கென்ய ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்காமல் போனபிறகுதான் பாதை மாறினார்.

இவர்களில் ஒருவர்கூட 17 வயதில் மரதனுக்குப் பழகித் தொடங்கி, பிறகு 1,500 மீற்றருக்கு வேகம் தேடி வரவில்லை. வேகத்திலிருந்து தூரத்துக்குப் பாதை இருக்கிறது. தூரத்திலிருந்து வேகத்துக்குத் திரும்பும் பாதை குறுகல். வயது ஏற ஏற இன்னும் குறுகிக்கொண்டு போகும்.

*

சரி, என் மாணவனுக்குச் சொன்ன பதில்.

இரண்டு இலக்கையும் வைத்துக்கொள். ஒன்றையும் விடவேண்டாம். ஆனால் ஒரே பருவத்தில் இரண்டுக்கும் தலைமை கொடுக்காதே. ஒரு பருவத்தில் ஒன்று எஜமான், மற்றது விருந்தாளி.

நம்முடைய வருடத்தையே எடுத்துக்கொள்வோம். நோன்பு மாதம் உடம்பைக் கட்டியெழுப்பும் மாதம் அல்ல, வைத்திருப்பதைக் காப்பாற்றும் மாதம். நோன்பு திறக்க அரை மணித்தியாலம் முன்போ தராவீஹுக்குப் பிறகோ 5, 6 கிலோமீற்றர் மெதுவாக. அதற்கு மேல் வேண்டாம். இப்போது பெருநாள் மார்ச் மாதத்தை அண்டி வருவதால், அதிலிருந்து ஒக்டோபருக்கு ஏறத்தாழ 27 வாரம் கிடைக்கிறது.

முதல் 12 வாரம் 5,000க்கு. கிழமையில் ஒருநாள் 400 மீற்றர் பத்து, ஒவ்வொன்றும் 79 செக்கன், நடுவில் மெதுநடை. அது பதினாறரை நிமிடத்துக்கான வேகம். இன்னொரு நாள் 1,000 மீற்றர் ஐந்து, 3 நிமிடம் 20 செக்கனில். ஞாயிறு 14, 15 கிலோமீற்றர், பேசிக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில். அதுதான் அந்தப் பருவத்தில் மரதன் என்ற விருந்தாளிக்குரிய பங்கு. மற்ற நாள்கள் மெதுவாக, அல்லது ஓய்வு. இதன் முடிவில் போட்டி. போட்டித் திகதி கொஞ்சம் முன்பின் ஆனால் பயிற்சியையும் முன்பின் ஆக்கு. போட்டிக்குப் பிறகு ஒரு கிழமை முழு ஓய்வு.

மீதி 14 வாரம் மரதனுக்கு. ஞாயிறு ஓட்டம் 18இல் தொடங்கி, மூன்று வாரம் கூட்டி ஒரு வாரம் குறைத்து, 32 வரை போகட்டும். நடுக் கிழமையில் ஒருநாள் 14 கிலோமீற்றர், அதில் 8ஐ 4 நிமிடம் 15 செக்கனில். மூன்று மணித்தியாலத்துக்குள் முடிக்க அந்த வேகம்தான் வேண்டும். போட்டிக்கு முந்திய மூன்று வாரத்தில் தூரத்தைக் குறைத்துக்கொண்டு வா. இப்போது வேகம் விருந்தாளி. அதைப் பட்டினி போடாதே. கிழமையில் இரண்டு நாள் மெதுவான ஓட்டம் முடிந்த பிறகு 100 மீற்றர் ஆறு, முழு வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக, உடம்பைத் தளர்த்தி. பத்து நிமிடம்கூட ஆகாது. களைப்பும் தராது. ஆனால் கால் தூங்காது. அன்று உன்னோடு ஓடிய பத்து வாரத்தில் இதை மட்டுமாவது செய்திருந்தால் எவ்வளவோ வித்தியாசம் இருந்திருக்கும்.

நம் பக்கத்தில் இந்த 14 வாரமும் கச்சான் காலத்தில் விழும். சுபஹ் தொழுத கையோடு இறங்கவேண்டும். ஏழு மணிக்குப் பிறகு தார் வீதியில் 30 கிலோமீற்றர் ஓடுவது வீரமில்லை. ஜீவனி கரைத்த போத்தலை முதல் நாளே வழியில் தெரிந்த கடையில் கொடுத்து வை. தாகம் வந்த பிறகு குடிக்கலாம் என்று இருக்காதே. வெயிலில் செக்கன்களைப் பார்க்காதே, மூச்சைப் பார்.

5,000இல் நீ பெறுகிற ஒவ்வொரு செக்கனும் மரதனில் வீண் போகாது. 3 நிமிடம் 18 செக்கன் வேகத்துக்குப் பழகிய காலுக்கு 4 நிமிடம் 15 செக்கன் நடை மாதிரி இருக்கும். அதனால்தான் இதை முதலில் செய்யச் சொல்கிறேன்.

*

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை.

நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டியை ஒட்டி நடக்கிற வீதி ஓட்டத்துக்கு "மரதன்" என்றுதான் பெயர். ஐந்து கிலோமீற்றராக இருந்தாலும் மரதன்தான். பெயர் எப்படியும் இருக்கட்டும். பின்னால் மோட்டார் சைக்கிள், வழியெல்லாம் தண்ணீர் ஊற்றும் உம்மாமார், கடைசியாக வருகிறவனுக்கும் கைதட்டல். அதைப்போல அழகான நாள் பாடசாலையில் வேறில்லை. ஆனால் அதில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பிடித்து, "உனக்குத் தாங்குதிறன் இருக்கு, நீ தூர ஓட்டக்காரன்" என்று முத்திரை குத்தி, 15, 16 வயதிலேயே பெரிய பரிசுத்தொகை உள்ள வீதி ஓட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு திரிகிறோமே, அதைத்தான் நிறுத்தவேண்டும். ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டியிலும் 20 வயதுக்குட்பட்டவர்களை மரதனில் சேர்ப்பதில்லை. அது சும்மா வைத்த விதி இல்லை. வளர்கிற எலும்புக்கும் தசைநாணுக்கும் 42.195 கிலோமீற்றர் அவசரமில்லை.

அந்த வயதில் பிள்ளைக்குத் தேவை 800, 1,500, 3,000. தேவை விளையாட்டு, தாவல், ஏற்றம் ஏறி ஓடல், நல்ல சாப்பாடு, நித்திரை. தூரம் எங்கேயும் ஓடிப் போகாது. 30 வயதிலும் அது அதே இடத்தில் காத்திருக்கும். 17 வயதின் வேகம் காத்திருக்காது. 1970இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்ற லூசியன் ரோசாவைத் தந்த நாடு இது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால், பிள்ளைகளிடம் திறமை இல்லாததாலா, நாம் அவசரப்படுவதாலா என்று ஒருமுறை யோசியுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. நாற்பது தாண்டி, சீனி கொஞ்சம், பிரஷர் கொஞ்சம் என்று ஓடத் தொடங்கியவர்களுக்கு இவ்வளவு கணக்கும் தேவையில்லை. வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, மனதுக்குப் பிடித்த தூரத்தைப் பிடித்த வேகத்தில் ஓடுங்கள். நான் சொல்வது செக்கன்களோடு மல்லுக்கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும். முதல் மரதனுக்கு அவசரப்படும் நண்பர்களுக்கும் சொல்கிறேன்: மெடலோடு எடுக்கிற படத்துக்கு விருப்பம் விழும், சந்தோஷம்தான். ஆனால் ஒரு வருடம் 5 கிலோமீற்றரை மதித்து ஓடிவிட்டு அங்கே போங்கள். 33ஆவது கிலோமீற்றரில் என்னை நினைப்பீர்கள்.

பதிலை அனுப்பிய அன்றிரவே மாணவன் எழுதினான்: "சரி சேர். 5,000 முதல்ல. ஆனா ஒண்டு கேக்கணும். ஞாயிறு ஓட்டத்துக்கு நீங்களும் வாறீங்களா?"

வருகிறேன் என்றேன். இந்த முறை அவன் வேகத்துக்கு நான் ஓடமுடியாது. பின்னால் சைக்கிளில் தண்ணீர் போத்தலோடு வருவேன், நிறுத்தற்கடிகாரமும் கையில் இருக்கும். இம்முறை அது சொல்வதைக் கேட்பேன், இன்ஷா அல்லாஹ்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். குறிப்பாக உடற்கல்வி ஆசிரியர்கள். நான் பிழை என்றால் திருத்துங்கள். இன்னொரு பிள்ளையின் பத்து வாரம் வீணாகாமல் இருந்தால் போதும்.